பியூலா தூங்குகிறாள்

அசையக் கூடாது. அசைந்தால் பியூலா முழித்துக்கொள்வாள், முழித்தால் பேசுவாள், பேசினால் அதைத்தான் பேசுவாள். அதனால் மடிக்கேரியில் மங்களூர் வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பியூலாவின் தலை வந்து தன் வலது தோளில் சாய்ந்ததிலிருந்து செண்பகவல்லி கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கிறாள். தோளை ஒரு விரற்கடை தூக்கிக் கொடுத்தால் சாய்ந்திருப்பவளுக்குக் கழுத்து வலிக்காதாம், இவளாகவே ஒரு கணக்குப் போட்டுத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தோள்பட்டையில் ஆரம்பித்த குடைச்சல் முழங்கைக்கு வந்துவிட்டது. வரட்டும். இந்தக் குடைச்சல் இருக்கிறவரை பியூலா தூங்குகிறாள் என்று அர்த்தம். ஜன்னல் கண்ணாடி முழுசாக மூடவில்லை, சாரல் உள்ளே வந்து மடியிலிருந்த பையை நனைக்கிறது, அதையும் நகர்த்த முடியவில்லை. பையின் ஜிப்பைப் பண்ணையில் எலி கடித்துப் போட்டுவிட்டது, வாய் திறந்து கிடக்கிற பையை ஒரு நீலத் துணிக் கிழிசலால் கட்டிவைத்திருக்கிறாள். பழைய நைட்டித் துணி. அதைப் பார்க்க வேண்டாம். வெளியே பார்ப்போம். வெளியே என்ன இருக்கிறது, காப்பித் தோட்டம், அது முடிந்தால் இன்னொரு காப்பித் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, நடுவில் பஞ்சு பஞ்சாகப் பனி. அழகுதான். யார் இல்லை என்றார்கள். நாற்பத்துநாலு வயதில் முதல்முறையாக ஊர் சுற்றக் கிளம்பினவளுக்கு அழகு கண்ணில் படாமல் ஒரு துணி கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிறது, அதுவும் நீலத் துணி இல்லை, மஞ்சள் துணி, பியூலாவின் மஞ்சள் துப்பட்டாவில் கிழித்த துணி, அது இந்நேரம் தாளவாடிப் பண்ணையில் ஒரு களைக்கொத்தின் பிடியில் சுற்றியபடி கிடக்கிறது.

அவிழ்த்திருக்க வேண்டும். பண்ணையின் வழக்கம் அதுதானே. சம்பளம் இல்லாமல் சோத்துக்கும் தங்குவதற்கும் வேலை பார்க்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருவார்கள், வந்த அன்றைக்கே பண்ணைக்காரர் சிவண்ணா ஒரு களைக்கொத்தை எடுத்துக் கையில் கொடுப்பார், மூங்கில் பிடி, மொட்டையாகப் பிடித்தால் உள்ளங்கை கொப்புளித்துவிடும், ஆகவே அவரவர் பழைய துணியில் கிழித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒருத்தர் பிடியை இன்னொருத்தர் தொடமாட்டார்கள். கிளம்புகிற அன்றைக்குச் சுற்றின துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மொட்டைப் பிடியைக் கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அடுத்து வருகிற ஆளுக்கு. துணி சுற்றியிருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், ஊருக்குப் போயிருந்தாலும் திரும்பி வரும் என்று அர்த்தம். செண்பகம் கிளம்பின அன்று காலையில் எழுந்த வேகத்தில், பல்கூடத் தேய்க்காமல் ஓடிப்போய்த் தன்னுடைய நீலத் துணியை அவிழ்த்துக்கொண்டு பிடியைக் கூடையில் போட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகி, அடுப்படி பார்க்கிற மாதேவி அக்கா கட்டிக் கொடுத்த ராகி ரொட்டியை வாங்கிக்கொண்டு, கடைசியாகக் கொட்டகையில் செருப்பை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். பியூலாவின் களைக்கொத்து சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. மஞ்சள் துணி இறுக்கமாக, புதுசாகச் சுற்றியதுபோல, முனையை உள்ளே சொருகி. மறந்திருப்பாள். மறக்கிறது மனுஷ வழக்கம்தானே. பியூலாவா? ஹாஸ்டல் வார்டன் பிறந்தநாளைக்கூட மறக்காதவளா? சரி, அவசரத்தில் விட்டிருப்பாள். அவசரத்தில் விட்டவள் எதற்குப் புதுசாகச் சுற்றி முனையைச் சொருகுவாள்? இந்த இடத்தில் வந்து புத்தி முட்டி நிற்கிறது, மைசூரிலும் இங்கேதான் நின்றது, மடிக்கேரியிலும் இங்கேதான். அப்போதே "ஏட்டி, துணிய அவுக்கலியா?" என்று கேட்டிருந்தால் முடிந்தது. மூணு சொல். நாக்கு நுனி வரை வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள், கூறுகெட்டவள். கேட்காதவரை அது வெறும் துணி. கேட்டால் அது பதிலாகிவிடும்.

அப்படி என்ன, பியூலா எங்கே இருந்தால் இவளுக்கு என்ன என்று ஒருத்தர் கேட்கலாம். தம்பி பொண்டாட்டி அப்படித்தான் கேட்டாள். "கூட வேல பாத்தவள நம்பி வீடு பிடிக்கீங்களே மைனி, நாளைக்கு அவ அவ சோலியப் பாத்துட்டுப் போயிருவா." செண்பகத்துக்குச் சுர்ரென்று வந்தது. "நீ உன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள், வாழ்க்கையில் அவள் பேசின பெரிய பேச்சு அது. சென்னையில் அந்த ஆபீசும் அந்த ஹாஸ்டல் அறையும், இரண்டு கட்டிலும், நடுவில் ஒரு கொடியும், கொடியில் இவள் பாவாடையும் அவள் பாவாடையும். பியூலாவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டே வருஷத்தில் முறிந்து அந்த அறைக்குத் திரும்பி வந்தபோது கட்டிலில் வேறு ஒருத்தியைப் போட விடாமல் வார்டனிடம் சண்டை போட்டு வைத்திருந்தவள் இவள். இவள் அம்மா போனபோது கோவில்பட்டிக்கு வந்து அடுப்படியில் நின்று சனத்துக்கெல்லாம் காப்பி போட்டவள் அவள். ஆபீசை மூடப்போகிறோம் என்றதும் இரண்டு பேரும் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது பியூலாதான் சொன்னாள், முதலில் ஒரு மாசம் மண்ணுல கை வப்போம், அப்புறம் ஆச தீர ஊர் சுத்துவோம், அப்புறம் பாளையங்கோட்டைல ஒரு மாடி வீடு எடுப்போம், நீ சமைக்கணும், நான் பாத்திரம் கழுவுதேன். மூன்றும் அவள் வாயால் சொன்னதுதான். அந்த மூன்றாவதற்காகத்தான் செண்பகம் முதல் இரண்டுக்கும் தலையாட்டினாள். வீடும் பார்த்தாயிற்று. சமாதானபுரத்தில், கீழே ஒரு ரிட்டயர்டு டீச்சர், மேலே இவர்கள். அடுப்படிக்கு இரண்டு ஜன்னல். ஒன்றில் தெரு தெரியும், இன்னொன்றில் வேப்பமரம். சாவியை வேறு யாருக்கும் கொடுக்காமல் டீச்சர் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பியூலா வரவில்லை என்றால் கோவில்பட்டியில் தம்பி வீட்டில், அரிசி மூட்டைக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில், ராத்திரி முழுக்க உர்ரென்று கத்துகிற அந்த இன்வெர்ட்டருக்கு அடியில் ஒரு கட்டில். "நான் சொன்னேம்லா மைனி" என்று தம்பி பொண்டாட்டி சொல்லக்கூட மாட்டாள். சாப்பாட்டுக்கு ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பாள், அவ்வளவுதான். 

வளைவில் வண்டி ஒடிக்க, பியூலாவின் தலை லேசாக எழும்பித் திரும்பவும் வந்து படிந்தது. இத்தனை வளைவிலும் ஒருமுறைகூட வழுக்கி விழவில்லை, நல்ல தூக்கம். தலையும் எவ்வளவு லேசாக இருக்கிறது, இளைத்துத்தான் போய்விட்டாள். வெயிலில் கறுத்தும் போய்விட்டாள், கறுத்தது நன்றாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சல். பண்ணைக்குப் போன முதல் வாரம் இவளை ராகி வயலில் விட்டார்கள். புல்லைப் பிடுங்கு என்றார்கள், பிடுங்கினாள், முதுகு ஒடியப் பிடுங்கினாள், வரிசை பூராவும் சுத்தமாக்கிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால் சிவண்ணா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். இவள் பிடுங்கினதெல்லாம் ராகி. புல்லு புல்லாக நிற்கிறது. மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை, சிரித்துக்கொண்டே வாரி எடுத்துப்போய் மாட்டுக்குப் போட்டார். பக்கத்து வரிசையில் பியூலா பார்க்காமலே பிடுங்கிக்கொண்டிருந்தாள். "எப்படிட்டி கண்டுபிடிக்கே?" என்றால், "அடித்தண்டத் தொட்டுப் பாரு, புல்லு வழுவழுன்னு தட்டையா இருக்கும்லா" என்றாள். தொட்டாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கடைசி நாள்வரை இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது, தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு மஞ்சள் கிழங்குக் காட்டுக்கு வேலையை மாற்றிக்கொண்டாள். சாயந்திரமானால் அடுப்படி வாசலில் மாதேவி அக்காவோடு உட்கார்ந்து பியூலா கன்னடத்தில் சிரிப்பாள். பேசத்தான் அரைகுறை, சிரிப்பு முழுக் கன்னடம். "ஊட்ட ஆய்த்தா?" என்று அந்த அக்கா இவளையும் சாப்பிட்டாயா என்று வாய் நிறையக் கேட்பாள், இவள் ம் என்பாள், அத்தோடு சரி. கொசுவலைக்குள் முதலில் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே கேட்கிற சிரிப்பில் எது பியூலாவுடையது என்று பிரித்துப் பார்ப்பாள். பக்கத்தில் இருக்கிற ஆளைக் காணோம் என்று தேடுவது எவ்வளவு அசிங்கம். மைசூரில் அரண்மனை முன்னால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அப்போதும் தேடிக்கொண்டுதான் இருந்தாள். மடிக்கேரியில் நேற்று, பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லாரும் கம்பியைப் பிடித்து நிற்கிற இடத்தில், பியூலா முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ சொன்னாள், பெர்த்தினி, பெர்த்தினி என்று. வருகிறேன், வருகிறேன். அந்த ஒரு சொல் கன்னடத்தில் இவளுக்கு நன்றாகவே தெரியும்.

மலை இறங்க இறங்கக் காது அடைத்துக்கொண்டது. எஞ்சின் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. எச்சிலை முழுங்கினால் திறந்துகொள்ளும், முழுங்கினால் தோள் அசையுமோ என்று முழுங்காமல் வைத்திருக்கிறாள், பைத்தியம். சம்பாஜே தாண்டியதும் குளிர் விட்டது, காப்பிச் செடி போய்க் கமுகு வந்தது, ஒல்லி ஒல்லியாக, நட்டமாக. சொல்லிவிடட்டுமே. அவளே சொல்லட்டும், நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டேன், போயிட்டு வாட்டி என்பேன், சிரித்த முகமாகச் சொல்வேன். சொல்வாளாம்! முகத்தை ஒளித்துவைக்கத் தெரிந்தவளா இவள்? இல்லை, அழுதுவிடலாம், அழுதால் பியூலா வந்துவிடுவாள். அது நிச்சயம். அழுதால் மனசு இளகி வீட்டுக்கு வந்துவிடுவாள், வந்து பாத்திரம் கழுவுவாள், கழுவிக்கொண்டே வேப்பமர ஜன்னலில் ராகி வயலைப் பார்ப்பாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இவள் பின்னால் நின்று குழம்பு கூட்டுவாள். ஐயோ, அது இன்வெர்ட்டரைவிட மோசம். அப்படியானால் சொல்லவே வேண்டாம். வண்டி நிற்கவே வேண்டாம். டீசல் தீராமல், டிரைவருக்கு ஒன்றுக்கு வராமல், இப்படியே இந்தத் தலையைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கட்டும். சுள்ளியா பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. "ஹத்து நிமிஷ" என்று, பத்து நிமிஷமாம், கூவிக்கொண்டே கண்டக்டர் இறங்கிப் போனார். தோளிலிருந்த தலை எழும்பியது.

ஹோட்டலில் நீர் தோசை இருக்கிறது என்றார்கள், இருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. காப்பி மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே சார்ப்புக்கு அடியில் நின்றார்கள். பியூலா டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். வலது கை மரத்துப்போய் செண்பகம் இடது கையில் வாங்கியிருந்தாள். பழக்கமில்லாத கையில் டம்ளர் சாய்ந்து காப்பி கட்டைவிரலில் கொட்டியது, அந்தச் சூட்டில்தான், யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் போய், அது வந்து விழுந்தது.

"துணிய அவுக்க மறந்துட்ட."

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். "மறக்கல" என்றாள்.

"ம்."

"எப்பப் பாத்தே?"

"செருப்பு எடுக்கப் போகையில."

"அப்பப் புடிச்சா? அடப் பாவி, மைசூரு, அரண்மன, மிருகக்காட்சிசால எல்லாம் சுத்திட்டு இத வயித்துக்குள்ளயா வச்சிருந்தே?"

"நீ மட்டும்?" என்றாள் செண்பகம். "இம்புட்டுத் தூரம் நல்லாத் தூங்கிட்டு வார."

"தூக்கம் எங்கட்டி வருது. கண்ண மூடிட்டுக் கிடந்தேன். முழிச்சிருந்தா ஒங்கிட்டச் சொல்லணும்லா."

 ஒரு நாய் அவர்கள் வண்டியின் டயரை மோந்துவிட்டுப் போயிற்று. பியூலா குரலை இறக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னாள், சொல்லிப் பார்த்து வைத்திருந்தவள்போல. "அன்னைக்கு ஒன்னையும் கேக்கணும்னுதான் இருந்தேன், ரெண்டு பேருமே இருந்துருவோமான்னு. சிவண்ணாட்டக்கூடப் பேசி வச்சிருந்தேன். வெளிய வந்து பாக்கேன், நீ பல்லு தேய்க்கதுக்கு முன்னாலேயே அவுத்துட்டு நிக்கே. துணியக் கையில சுருட்டிக்கிட்டு, மூஞ்சி பூரா சிரிப்பு. வீட்டுக்குப் போற சிரிப்பு. அதுல போய் நான் எப்படிக் கேக்க? போயி என்னோடத இறுக்கிக் கட்டி வச்சேன்."

அப்படியானால் முதலில் பார்த்தது இவள் இல்லை. இவள் மஞ்சளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டதுபோல, அவள் இவளுடைய மொட்டைப் பிடியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். "கேட்டிருக்கலாம்" என்றாள் செண்பகம். 

"இப்பக் கேக்கேன். வாரியா?"

வருகிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் திறந்துகூடவிட்டது. கொசுவலை கண்ணில் வந்தது. வெளியே சிரிப்பு, உள்ளே இவள். காலையில் குளிரில் விறைத்த விரல், வழுவழுவென்று இருக்க வேண்டிய ஒரு தண்டு, எதைத் தொட்டாலும் ஒன்றுபோல. "எனக்கு இன்னைய வரைக்கும் புல்லும் தெரியல, ராகியும் தெரியலட்டி" என்றாள். "என்னால ஆகாது."

பியூலா தலையை ஆட்டினாள். இன்னொரு தடவை கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால், சும்மா ஒப்புக்காவது, வாட்டின்னு கையைப் பிடித்து இழுத்திருந்தால், என்று செண்பகம் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கண்டக்டர் விசில் அடித்தார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பியூலா சொன்னாள், மங்களூரில் இவளை ரயில் ஏற்றிவிட்டு அவள் மைசூருக்குத் திரும்பும் வண்டியைப் பிடிப்பாளாம். "வீட்ட விட்றாதட்டி, சாவிய வாங்கிரு. ஒந் தம்பி வீட்டுக்குப் போயிராத." "போமாட்டேன்" என்று செண்பகம் யோசிக்காமலே சொன்னாள், சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது நிஜம். போகமாட்டாள். இரண்டு ஜன்னலையும் இவளே திறந்து இவளே மூடுவாள், பாத்திரத்தையும் இவளே கழுவுவாள். அப்புறம் பியூலாவின் கண் பையில் கட்டியிருந்த நீலத் துணியில் போய் நின்றது. "அதக் குடேன். ஒரு பிடில சுத்தி வைக்கேன். நீ எப்ப வந்தாலும் ஒரு களக்கொத்து உனக்குன்னு இருக்கும். ஒருத்தரும் தொடமாட்டாங்க." பை திறந்துகொள்ளுமே என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. ஒரு கையால் முடிச்சு வரவில்லை, வலது கையும் சேர்ந்தால்தான் வந்தது, மரத்த விரல்களை வைத்துக்கொண்டு மெதுவாக அவிழ்த்தாள், ஈரத்தைப் பிழிந்து, மடித்துக் கொடுத்தாள். பியூலா அதை வாங்கித் தன் பைக்குள் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். இந்த முறை முகத்தில் சிரிப்பு அவளுக்கு.

சுள்ளியா ஊர் தாண்டவில்லை, பியூலாவின் தலை மறுபடியும் வந்து தோளில் விழுந்தது. விழுந்தது என்றால் தொப்பென்று விழுந்தது. செண்பகத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அதே தலைதான். வழியெல்லாம் லேசாக, இளைத்துப்போன தலையாக இருந்தது இப்போது அரிசிப் பை மாதிரி கனக்கிறது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்க, வழுக்கி மார்பு வரைக்கும் வந்து, இவள் தாங்கிப் பிடித்துத் திரும்பத் தூக்கி வைத்தாள், அதுகூடத் தெரியவில்லை அவளுக்கு. வாய் திறந்திருக்கிறது. மெல்லிய குறட்டை. சொல்லி முடித்துவிட்டாள், இறக்கி வைத்துவிட்டாள், தூங்குகிறாள். இனி எவ்வளவு அசைந்தாலும் முழிக்கமாட்டாள். செண்பகம் எச்சிலை முழுங்கினாள், அடைத்திருந்த காது திறந்து, எஞ்சின் சத்தமும் மழையும் யாரோ கன்னடத்தில் போன் பேசுவதும் மொத்தமாக உள்ளே வந்தன. அழுகையும் வந்தது. துடைக்கலாம் என்றால் ஒரு கையில் பியூலாவின் தலை, மறு கையில், கட்ட ஒன்றுமில்லாமல் திறந்துகொண்டு நிற்கிற பையின் வாய். மங்களூருக்கு இன்னும் நிறையத் தூரம் இருந்தது. தோளை ஒரு விரற்கடை தூக்கிக் கொடுத்துக்கொண்டு, பையை இறுக்கிப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.